அசல் மாத்திரை

பிலோமினா அக்காவை இன்னும் காணோமே, பஸ் கிடைக்கலையா என்றுதான் பரிமளா கேட்டாள். சும்மா, பேச்சுக்கு. மாத்திரைச் சோதனைக்காக மாசாமாசம் அவளோடு சேர்ந்து ரத்தம் கொடுக்க வருகிறவள் அக்கா. ஊசி ஏறும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எதையாவது பேசுவது அவள் வழக்கம். ரத்தம் எடுக்கிற ஹசீனா பஞ்சைக் கையில் எடுத்தபடி, "அவங்க தவறிட்டாங்களே மேடம், உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றாள். ஊசி இன்னும் உள்ளேதான் இருந்தது. தவறிட்டாங்க. பரிமளாவின் மனசு அந்தச் சொல்லை முதலில் வேறு எங்கோ கொண்டுபோய் வைத்தது. பஸ்ஸைத் தவறவிட்டிருப்பாள். தேதியைத் தவறாக நினைத்திருப்பாள். ரயிலைத் தவறவிட்டவர்கள் தினமும் பரிமளாவின் டிக்கெட் கவுண்டர் முன்னால் வந்து நிற்கிறார்கள், மூச்சு வாங்க, வேர்த்து வடிய, அடுத்த வண்டியில் இடம் இருக்கா என்று கேட்கிறார்கள். அவளும் பார்த்துச் சொல்கிறாள். அடுத்த வண்டி எப்போதும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அப்படி ஒரு தவறல்தான் இது என்று சட்டென்று ஒரு நிம்மதிகூட வந்தது. குழாய்க்குள் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, எப்போதும் போலக் கருஞ்சிவப்பாக, அவசரமில்லாமல். ஹசீனாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்தச் சொல் தன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தது. "கையை மடக்கி வைங்க மேடம்," என்றாள் ஹசீனா. பரிமளா மடக்கி வைத்தாள். மடக்கிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருப்பதைப் போல.

டாக்டர் உமையாள் எதையும் மறைக்கவில்லை. அவர் மறைக்கிற ஆளும் இல்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால், வெண்புள்ளிக்குப் புதிதாக ஒரு மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறோம், சேருகிறீர்களா என்று கேட்ட அன்றைக்கே எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னவர்தான். உடம்பைக் காப்பாற்றுவதற்கென்று உள்ளே இருக்கும் செல்கள், தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை எதிரி என்று நினைத்து அடிக்கின்றன. அடி, அடி என்கிற அந்த உத்தரவு ஒரு என்சைம் வழியாகத்தான் போகிறது. இந்த மாத்திரை போய் அந்த என்சைமின் வாயில் உட்கார்ந்துகொள்ளும். உத்தரவு போகாது. அடி நின்றால் நிறம் திரும்ப வரலாம். ஆனால் அதே என்சைமுக்கு உடம்பில் வேறு வேலைகளும் இருக்கின்றன, அதனால் சிலதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சிலதில் ஒன்றுதான் வந்திருக்கிறது. "கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கு. அது மேல போய் நுரையீரல்ல அடைச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே," என்றார் டாக்டர். மருந்தினாலா என்று பரிமளா கேட்டாள். "ஆமான்னு அடிச்சுச் சொல்ல முடியலம்மா. இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது. இந்த மாதிரி மருந்துகள்ல அபூர்வமா இப்படி வந்திருக்கு. அதான் எல்லார்கிட்டயும் ஒவ்வொருத்தரா நேர்ல சொல்லிட்டு, தொடர்றீங்களான்னு திரும்பக் கேக்குறோம்." பரிமளாவுக்கு அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டாள். "அக்காவுக்குக் குடுத்தது சும்மா மாத்திரைதானே டாக்டர்? மருந்தே இல்லாத மாத்திரை பாதிப் பேருக்கு உண்டுன்னு சொன்னீங்களே. அக்காவே அப்படித்தான் சொல்லும், எனக்குச் சும்மா மாத்திரை, உனக்கு அசல்னு." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "யாருக்கு எதுன்னு எழுதி ஒட்டி வச்சிருந்த கவரைப் பிரிச்சுப் பார்த்தோம். அசல்தான்." அதற்குப் பிறகு அவர் சொன்னதில் பாதிதான் பரிமளாவின் காதில் விழுந்தது. உங்கள் ரத்தத்தில் இதுவரை ஒரு குறையும் இல்லை. வேண்டுமானால் தொடரலாம். வேண்டாம் என்றாலும் வைத்தியம் இங்கேயே நடக்கும். நிறுத்தினால் வந்த நிறம் சிலருக்கு நிற்கும், நிறையப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போய்விடும், உத்தரவு மறுபடி போக ஆரம்பித்துவிடும் இல்லையா. "வெளிய உக்காந்து யோசிங்க. வீட்டுல பேசுங்க. அவசரமே இல்ல."

வெளியே அதே நீல நாற்காலிகள். சுவரோரம் மூன்றாவது நாற்காலி பிலோமினா அக்காவுடையது. மின்விசிறிக்கு நேர் கீழே, திண்டுக்கல்லில் இருந்து முதல் பஸ்ஸில் மதுரைக்கு வந்து பிடித்துவைக்கும் இடம். அதில் இப்போது ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரிமளாவுக்கு அவளை எழுப்பிவிட வேண்டும் போல இருந்தது. எழுப்பிவிட்டு என்ன செய்ய. அந்த நாற்காலி காலியாக இருந்தால் மட்டும் என்ன. கால் மேல் கால் போடாதே என்று அக்காவிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், வீங்கினால் உடனே சொல் என்று சொல்லியிருப்பார்கள், அவளுக்கும் சொன்னார்கள், சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு இரண்டு பேரும் அந்தப் பக்கம் போய் டீ குடித்தார்கள். அக்காவுக்கு எப்போதும் கால் வலிதான். சத்துணவுக் கூடத்தில் நாளெல்லாம் நின்றால் வலிக்காமல் என்ன செய்யும் என்பாள். அந்த வலிகளில் எது அந்த வலி. எந்த நாளின் வலியை வேறு வலி என்று அவள் கண்டுபிடித்திருக்க வேண்டும். பரிமளாவின் இடது கெண்டைக்காலில் ஏதோ இழுத்தது. இப்போதுதான் இழுக்கிறதா, காலையில் இருந்தே இழுக்கிறதா. குனிந்து புடவைக்கு மேலாக அமுக்கிப் பார்த்தாள். அமுக்கினால் வலித்தது. வலது காலையும் அமுக்கினாள். அதுவும் வலித்தது. இரண்டும் வலித்தால் நல்லதுதானே, இரண்டிலும் கட்டாதே, இல்லை கட்டுமா. எதிர்நாற்காலிக்காரர் தன்னைப் பார்ப்பது தெரிந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்குக் கைதான் வேணும் பரிமளம், மூஞ்சி எப்படியோ போகட்டும் என்பாள் அக்கா. பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற கை. அந்தக் கையால் என் பிள்ளைக்குப் போட வேண்டாம் என்று யாரோ ஒரு தகப்பன் வந்து எழுதிக்கொடுத்ததில், அவளை அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஊருக்கு வெளியே இருக்கிற இன்னொன்றுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் அவள் கரண்டியைத் தொடுவதில்லை, உதவியாளை விட்டுப் போடச் சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொள்வாள். நிறம் கைக்கு வருவதுதான் கடைசி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவுக்குக் கைக்கும் வரவில்லை, முகத்துக்கும் வரவில்லை. காதுக்குப் பக்கத்தில் ஒரு மிளகு அளவுக்கு ஒரு புள்ளி வந்தது, அவ்வளவுதான். அந்தப் புள்ளியைப் பரிமளாதான் முதலில் பார்த்துச் சொன்னாள். போன மாசம் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இது முன்னாடியே இருந்த மச்சமா இருக்கும்டி என்று அக்கா சிரித்தாள். அசல். உள்ளே போய் எல்லா இடத்திலும் உட்கார்ந்திருக்கிறது, உட்கார வேண்டிய இடத்தில் மட்டும் சரியாக உட்காரவில்லை. பரிமளாவுக்கு அசல் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அவள் முகம் முழுக்க அதற்குச் சாட்சியாக இருந்தது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு அக்காவின் எதிரில் உட்கார அவளுக்குக் கூச்சமாக இருந்ததுண்டு, ஒரு துளி பெருமையாகவும் இருந்ததுண்டு. இரண்டு பேரும் ஒரே மாத்திரையைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தார்கள், இங்கே வருகிற நாட்களில் ஒரே டிரம்மில் பிடித்த தண்ணீரில்.

கணவனுக்குப் போன் செய்தாள். ராஜாங்கம் மின்வாரியத்தில் போர்மேன். வேலை நேரத்தில் பெரும்பாலும் எடுக்க மாட்டான். இன்றைக்கு முதல் மணியிலேயே எடுத்தான். "பிலோமினாக்கா செத்துப் போச்சுங்க," என்றாள். சொல்லும்போதுதான் அது அவளுக்கே முழுதாகக் கேட்டது. "என்னது? எப்படி?" என்றான். சொன்னாள். நுரையீரல், ரத்தக்கட்டு, மாத்திரையாக இருக்கலாம், அசல். பின்னால் யாரோ ஏணியை இழுக்கும் சத்தம். பிறகு, "அப்ப உனக்கு மாத்திரைய நிறுத்திருவாங்களா?" என்றான். பரிமளா போனைக் காதிலேயே வைத்திருந்தாள். "பரிமளா. அங்கயே இரு. நான் வர்றேன்," என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

நிறுத்திருவாங்களா. அந்தக் கேள்வியை அவள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தக் குரலில் கேட்டான். நிறுத்திவிடட்டும், உடனே நிறுத்தட்டும் என்று கேட்டானா. ஐயோ, நிறுத்திவிடுவார்களா என்று கேட்டானா. ஏணிச் சத்தத்தில் குரலின் கடைசி சரியாக விழவில்லை. அவள் மறுபடி மறுபடி அதைக் கேட்டுப் பார்த்தாள். ஒரு தடவை கேட்டால் பயம் போல இருந்தது, அவளுக்காகப் பயம். அடுத்த தடவை கேட்டால் ஆசை போல இருந்தது. மூன்றாம் தடவை கேட்கும்போது அது அவன் குரலாகவே இல்லை, அவள் குரலாகிவிட்டிருந்தது. முதல் புள்ளி மகள் மதி பிறந்து இரண்டாவது வருஷம் வந்தது, மேலுதட்டின் ஓரத்தில், சுண்ணாம்பு பட்ட மாதிரி. அவன்தான் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தான். போகவில்லை. பிறகு கண்ணைச் சுற்றி, கழுத்தில், விரல்களில், ஒரு சித்திரை வெயிலுக்குள் முகம் பாதி போய்விட்டது. எனக்கு ஒண்ணும் வித்தியாசமே தெரியல என்றான். ஒரு தடவை இல்லை, கேட்கும்போதெல்லாம். கேட்காதபோதும். தெரியல. அவள் அதை நம்பினாள். கவுண்டரில் பயணிகள் ரூபாயை அவள் கையில் கொடுக்காமல் மேடையில் வைத்துத் தள்ளுவார்கள், மீதியை அவள் நீட்டினால் அங்கே வைங்க என்பார்கள், ஒருவர் வரிசையை விட்டுப் பக்கத்துக் கவுண்டருக்குப் போய் முதலில் இருந்து நின்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வித்தியாசம் தெரியாத ஒரு ஆள் இருந்தான். தெரியாத ஒரு ஆளாவது இருக்கிறான் என்பதில் அவள் இத்தனை வருஷம் நின்றுகொண்டிருந்தாள். கல்யாண வீடுகளுக்கு அவன் தனியாகப் போய்வந்தது, உனக்கு எதுக்கு அலைச்சல் என்பதால்தான். படம் எடுக்கும்போது அவளோடு நிற்காமல் அவனே போனை வாங்கி எடுப்பது, அவனுக்கு நன்றாக எடுக்க வரும் என்பதால்தான். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு என்பதால்தான் இருந்தது. மதி தூங்கும்போது அவள் போர்வையை விலக்கி முழங்கை, முட்டி, உதட்டோரம் எல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பாள், அவனும் ஒரு நாள் எழுந்து வந்து ஒன்றும் சொல்லாமல் கூட நின்று பார்த்தான், அப்போதுகூட அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. பிறகு இந்த மாத்திரை. நாலாம் மாசம் நெற்றியில் பழுப்பாக எள் தெளித்த மாதிரி வந்தது. எள் எள்ளாக வந்து ஒன்றோடொன்று சேர்ந்தது. தைப்பொங்கலுக்கு முகம் அவளுடைய பழைய முகமாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தபோது சந்தோஷம் வருவதற்கு முன்னால் பயம் வந்தது, யாரோ ஒருத்தி அவள் வீட்டுக்குள் நுழைந்து அவளுடைய சோப்பைத் தொட்டுவிட்ட மாதிரி. அதைவிடப் பெரிய அதிர்ச்சி அதற்கு அடுத்த நாள் காலை. அவள் காபியை நீட்டினாள். ராஜாங்கம் டம்ளரை வாங்காமல் அவளையே பார்த்தான். "பழைய மாதிரியே ஆயிட்ட," என்றான். கண் நிறைந்துவிட்டது அவனுக்கு. அன்றைக்கே அவன் தங்கையைப் போனில் கூப்பிட்டு, படம் தெரிகிற மாதிரி பிடித்து, உங்க அண்ணிய பாரு என்று காட்டினான். ஒரு மெரூன் புடவை எடுத்து வந்தான். மூன்று கல்யாணத்துக்கு முதல் வரிசையில் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்தான். அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரே ஒரு கணக்குதான் ஓடியது. வித்தியாசமே தெரியாதவனுக்கு இவ்வளவு சந்தோஷம் எங்கே இருந்து வந்தது. அவன் கண்ணீரைப் பார்த்த பிறகுதான், அத்தனை வருஷமும் அவன் எதை இழந்துவிட்டுப் பேசாமல் இருந்தான் என்பதே அவளுக்குத் தெரிந்தது. அவள் பக்கத்திலேயே இருந்தபடி, பழைய அவளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் வாயிலும் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்திருக்கிறது. இப்போது அது எழுந்துபோய்விட்டதா. நிறுத்திருவாங்களா. நிறுத்தினால் இந்த முகம் போகும், சித்திரைக்குள்ளோ ஆடிக்குள்ளோ. போவதை அவன் பார்ப்பான். மறுபடி வித்தியாசம் தெரியல என்பான், அவளால் மறுபடி நம்ப முடியாது. நிறுத்தாவிட்டால் காலை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். அக்கா இறந்துபோயிருக்கிறாள், இவள் உட்கார்ந்து ஒரு குரலின் கடைசி எழுத்தைப் பிடித்து ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். அதை நினைத்ததும் முகம் சுட்டது. அக்கா கடைசியாக எந்த நிறத்தில் போனாள். பெட்டிக்குள் கைகளை எப்படி வைத்திருப்பார்கள், கும்பிட்ட மாதிரி, வெள்ளையாக, ஜெபமாலையைச் சுற்றி. அந்தக் கையை அன்றைக்கு யார் யார் தொட்டிருப்பார்கள்.

ராஜாங்கம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான். அவளைக் கண்டதும்தான் கழற்றினான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "கால் வலிக்குதா உனக்கு? மூச்சு முட்டுதா?" என்று கேட்டான். இல்லை என்றாள். அவன் ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தான். அந்தப் பதற்றத்தோடு அவள் விட்டிருக்கலாம். அதையே பதில் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவள் கேட்டுவிட்டாள்.

"போன்ல மாத்திரைய நிறுத்திருவாங்களான்னு கேட்டீங்களே. எதுக்குக் கேட்டீங்க?"

"பயந்துட்டேன்."

"எதுக்குப் பயந்தீங்க?"

அவன் அவளைப் பார்த்தான். முகத்தைத்தான் பார்த்தான், நெற்றி, கண், உதட்டோரம் என்று ஒவ்வொரு இடமாக. பொய் சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பார்வைக்குப் பின்னால் வந்ததெல்லாம் அதுதான். காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

"மொதல்ல இதுக்குத்தான்," என்று அவள் கன்னத்தைக் காட்டினான். குரல் மிகவும் தணிந்திருந்தது. "இது போயிருமேன்னுதான் மொதல்ல வாயில வந்துச்சு. போனை வச்ச பெறகுதான் அந்தம்மா செத்துப்போனதே ஒறைச்சுது. அது மாதிரி நீயும்னு. அப்புறம் வண்டி எப்படி ஓட்டிட்டு வந்தேன்னு எனக்கே தெரியல." ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு, "தப்புதான்," என்றான்.

அடி விழுந்தது. விழுந்த இடத்தில் வலியும் இருந்தது. ஆனால் அது அவள் காத்திருந்த வலி இல்லை, வேறு ஏதோ. பல்லில் அடைத்துக்கொண்டிருந்த ஒன்று எடுபட்ட பிறகு நாக்கு அந்த இடத்தைத் தேடிப் போய் வெறுமையைத் தொடுமே, அப்படி. அவள் தோலைப் பற்றி அவன் சொன்ன முதல் உண்மை அது. "வித்தியாசம் தெரியலன்னு சொன்னீங்களே," என்றாள், சண்டைக்கு இல்லாமல், தெரிந்துகொள்கிற மாதிரி. "தெரிஞ்சுது," என்றான். "தினமும் தெரிஞ்சுது. சொன்னா நீ ஒடைஞ்சு போயிருவேன்னு நெனச்சேன். உன்ன விட்டுட்டுப் போகணும்னு ஒரு நாளும் தோணல. அதுவும் நெசம்." எதிர்நாற்காலிக்காரர் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனார். ஹசீனா யாரோ ஒருவர் பெயரைக் கூப்பிட்டாள். ராஜாங்கம் தரையைப் பார்த்தபடி, "இப்ப என்ன செய்யணும்னு நீதான் சொல்லணும். நான் சொல்ற மாதிரி இல்ல," என்றான்.

அவள் மட்டும் உள்ளே போனாள். நிறுத்திக்கொள்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னாள். சொல்லும்போது பெரிய துணிச்சல் எதுவும் வரவில்லை. கால் வலிக்குமா வலிக்காதா என்று பார்த்துக்கொண்டே இருக்க அவளால் முடியாது, அவ்வளவுதான். பதினைந்து வயசில் மதி இருக்கிறாள், இதைவிட நல்ல மாத்திரை ஒன்றை யாராவது கண்டுபிடிப்பார்கள், அதுவரை இவள் உயிரோடு இருக்க வேண்டும். டாக்டர் உமையாள் தலையை அசைத்தார். இதே என்சைமின் வேலையை இன்னும் குறிப்பாக, தோலில் மட்டும் தடுக்கிற மாதிரி களிம்பாகச் செய்து பார்க்கிறார்கள், வரும்போது சொல்கிறேன் என்றார். மாசம் ஒரு தடவை வந்து காட்டிவிட்டுப் போகச் சொன்னார். பிறகு, கேட்காமலே, "நானும் அவங்க வீட்டுக்குப் போனேம்மா. அடக்கத்துக்கு," என்றார். அதைச் சொன்னபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டி நிறுத்துகிற இடத்தில் வெயில் ஏறியிருந்தது. வீட்டுக்கா என்று ராஜாங்கம் கேட்டான். திண்டுக்கல்லுக்கு என்றாள். இப்பவேவா என்றான். இப்பவேதான் என்றாள். அவன் அலுவலகத்துக்குப் போன் செய்து, ஒரு துக்கம், இன்றைக்கு வர முடியாது என்று சொன்னான். நாலு வழிச்சாலையில் லாரிகளின் காற்று வண்டியைத் தள்ளியது. வாடிப்பட்டி தாண்டியது. பரிமளா அவன் தோளைப் பிடித்திருந்தாள். பிடித்திருக்கிறோம் என்பது நடுவில் ஒரு தடவை நினைவுக்கு வந்தது, கையை எடுக்கவில்லை. அக்காவின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள், வரவில்லை. குரல் மட்டும் வந்தது, அதுவும் இன்ஜின் சத்தத்தில் பாதி போயிற்று. போய் என்ன சொல்லுவது. நானும் அதையேதான் சாப்பிட்டேன் என்றா. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றா. இந்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போகலாமா என்றுகூட நினைத்தாள்.

மாதா கோயிலில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். கதவைத் திறந்தது அக்காவின் மகள். இடுப்பில் குழந்தை, தூக்கம் கெட்ட கண்கள், அக்காவுடைய அதே அகலமான நெற்றி. பரிமளா பெயரைச் சொல்வதற்குள் அந்தப் பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்கதானே பரிமளம் அக்கா? ரயில்வேல இருக்கிறவங்க?" ஆமாம் என்றாள் பரிமளா. மன்னிச்சுக்க என்று ஆரம்பித்தாள், எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் மதுரைல இருந்து வந்ததும் அம்மா இதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. என்கூட வர்ற ஒரு பிள்ளைக்கு மூஞ்சி பூரா வந்துருச்சுடி, ஒரு பொட்டு வெள்ளை இல்லடின்னு. அதுக்கு என்னமோ தனக்கே வந்த மாதிரி. அன்னைக்கு ராத்திரி எல்லாருக்கும் கேசரி கிண்டிக் குடுத்துச்சு."

குழந்தை சிணுங்கியது. அவள் அதை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, கொஞ்சம் தயங்கி, "நான் தொட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

பரிமளா வாசற்படியில் நின்றபடியே குனிந்து கன்னத்தைக் கொடுத்தாள்.